வாசலில் நிற்பது துஜாவா? காவிரிப் படுகையின் ஒரு கூம்புப் புதரும் அதன் வகைப்பாடும்

கேள்வி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் இருக்கும் திருவிடைமருதூர் ஒரு மரத்தால் பெயர் பெற்ற ஊர். மகாலிங்கசுவாமி கோயிலின் தலமரம் மருது. வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது, தெற்கே தாமிரபரணிக் கரையின் திருப்புடைமருதூர் கடைமருது, நடுவில் நிற்பது இடைமருது என்பது மரபு. ஒரு மரத்தைக் கொண்டு மூன்று தலங்களை ஒரு வரிசையில் கோத்துப் பார்த்த மண் இது. அதே ஊரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த வீட்டு முகப்புகளிலும், பள்ளி வளாகங்களிலும், தேவாலய முற்றங்களிலும் இன்று இன்னொரு தாவரம் பரவலாக நிற்கிறது. இடுப்பளவு உயரம், முட்டை வடிவம், ஆண்டு முழுவதும் உதிராத பச்சை. நர்சரியில் கேட்டால் ‘துஜா’ என்பார்கள். இன்னும் குட்டையானதைத் ‘துஜா காம்பாக்டா’ என்று விற்பார்கள்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: அது துஜாதானா? தாவரவியல் தரும் விடை, இல்லை என்பது. அந்த விடைக்கு வந்துசேர ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. அது எவ்வாறு எட்டப்பட்டது, எந்தச் சான்றுகள் அதைத் தாங்குகின்றன, பழைய பெயரை விடாதவர்கள் முன்வைக்கும் நியாயம் என்ன என்பவற்றைப் பார்ப்பது பயனுள்ளது. இதே பெயரில் ஒரு மருந்தும் புழங்குவதால், இந்தப் பெயர்க் குழப்பம் தாவரவியலாளர்களின் அறைக்குள் அடங்கிவிடும் விஷயமல்ல.

நெல் நிலத்தில் கூம்புத் தாவரம்

காவிரிப் படுகைக்கு உரிய கூம்புத் தாவரம் என்று எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுக்கே, ஏன், தீபகற்ப இந்தியா முழுமைக்குமே இயல்பாக உரிய கூம்புத் தாவரம் ஒன்றுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியமலைப் பகுதி போன்ற ஈரக் காடுகளில் வளரும் நாஜியா வாலிச்சியானா. அதுவும் அகன்ற இலைகள் கொண்ட உயர்ந்த மரம். பார்த்தவுடன் பைன், சைப்ரஸ் ஆகியவற்றின் உறவு என்று யாருக்கும் தோன்றாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் காணும் பைன்களும் சைப்ரஸ்களும் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சமவெளியில் நிற்கும் ஒவ்வொரு கூம்புச் செடியும் மனிதக் கையால் வந்தது. நம் வாசல் புதரின் தாயகம் சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரகிழக்கு. வறட்சியையும் வெயிலையும் அது நன்றாகவே தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் படுகையின் களிமண் ஊறிக் கிடக்கும்போது வேர் அழுகிப்போகும். தொட்டியிலோ மேடாக்கிய பாத்தியிலோ இதை வைப்பது அதனால்தான்.

இப்படி வந்த தாவரங்கள் அறிவியல் பதிவேட்டில் ஓர் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915–1936), திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் கே.எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் ஆகிய இரண்டும் பேருழைப்பில் விளைந்தவை. ஆனால் இத்தகைய நூல்களின் முதன்மை அக்கறை தானாக வளரும் தாவரங்களின் மீதுதான். அலங்காரச் செடிக்கு அங்கே கிடைப்பது ஓரிரு வரிகள்.

இந்த நிலை எனக்கு வருத்தம் தருகிறது. காரணம், உலகத் தாவரப் பெயரீட்டில் இப்படுகையின் பங்கு சிறியதல்ல. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரைச் சுற்றி அங்கே உருவான குழு, சோழமண்டலக் கரையின் செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1776இல் வந்த ரோட்லர் தாவரவியலாளராகவும் தமிழ் அகராதி தொகுத்தவராகவும் இரு துறைகளில் உழைத்தார். அவர் சேகரித்த உலர்மாதிரிகள் பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன. நம் வயல் வரப்பின் களைகள்கூட அந்த வழியாகவே இருசொற் பெயர் பெற்றன. எதிர்த் திசையில், வெளியிலிருந்து படுகைக்குள் வந்த செடிகளுக்கு அப்படி ஒரு பதிவு அமையவில்லை. நர்சரிக்காரரின் வாய்ச்சொல்லே அவற்றுக்குச் சான்றிதழாகிவிட்டது.

ஒரு செடி, மூன்று பேரினங்கள்

1753இல் வெளியான ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ நூலில் லின்னேயஸ் துஜா பேரினத்தின்கீழ் இரண்டு இனங்களை வைத்தார். ஒன்று வட அமெரிக்காவின் துஜா ஆக்சிடென்டாலிஸ், அதாவது மேற்கத்தியது. மற்றொன்று சீனாவின் துஜா ஓரியன்டாலிஸ், கிழக்கத்தியது. இரண்டிலும் கிளைகள் தட்டையானவை, இலைகள் செதில்போல ஒட்டிக் கிடப்பவை. அன்றைக்குக் கையில் இருந்த மாதிரிகளைக் கொண்டு பார்த்தால் இது நியாயமான முடிவே. லின்னேயஸின் முறை பூவின் பாலுறுப்புகளை எண்ணிப் பிரிக்கும் முறை. அதன்படி துஜாவும் சைப்ரஸும் பைனும் ஒரே வகுப்பில் அமர்ந்தன; ஆண், பெண் செடிகள் தனித்தனியாக இருக்கும் ஜூனிபெரஸ் வேறு வகுப்புக்குப் போனது. சைப்ரஸுக்கும் ஜூனிபருக்கும் உள்ள நெருங்கிய உறவை இன்று அறிந்த நமக்கு, அந்த முறை எங்கே தடுமாறியது என்பது தெளிவாகத் தெரிகிறது.

அடுத்த நூற்றாண்டில் கூம்புகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இரு துஜாக்களும் ஒன்றாக நிற்கவில்லை. பிரான்சில் எத்வார் ஸ்பாக் 1841இல் கிழக்கத்திய செடிக்குப் பிளாட்டிகிளாடஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். வியன்னாவின் ஸ்டெஃபான் எண்ட்லிக்கர் 1847இல் அதையே பயோட்டா என்ற பேரினமாக்கினார். பயோட்டா என்ற பெயரே தோட்டக்காரர்களிடமும் பாடநூல்களிலும் நிலைத்தது. ஆனால் அதற்கு விதிப்படி வழி இல்லை. 1825இலேயே கசினி என்ற பிரெஞ்சு அறிஞர் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி ஒன்றுக்குப் பயோட்டா என்று பெயர் வைத்திருந்தார். ஒரே பெயர் இரண்டு தாவரப் பேரினங்களுக்கு இருக்கக் கூடாது, முந்தியதே செல்லும். எனவே ஸ்பாக்கின் பெயர் மேலெழுந்தது. போர்ச்சுகலின் அமரால் ஃபிராங்கோ 1949இல் லின்னேயஸின் இனப்பெயரை அந்தப் பேரினத்துடன் இணைத்து, பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ் என்ற இன்றைய பெயரை நிறுவினார்.

மேலே குறிப்பிட்ட நாஜியாவுக்கும் இதே அனுபவம் உண்டு. தாவரவியலாளர் வாலிச் அதற்கு இட்ட போடோகார்பஸ் லாட்டிஃபோலியா என்ற பெயர், தென்னாப்பிரிக்க மரம் ஒன்றுக்கு முன்பே உரியதாக இருந்ததால் செல்லாமல் போயிற்று. பெயர் மாற்றங்களைக் கண்டு சலிப்பவர்கள், இவை அறிஞர்களின் மனம்போன போக்கில் நிகழ்பவையல்ல என்பதை இந்த இரு நிகழ்வுகளிலும் காணலாம்.

புதிய பெயர் உடனே பரவியதா? இல்லை. டெல்லியிலிருந்து வெளிவந்த ‘ஃபைட்டோமார்ஃபாலஜி’ இதழில் எச். சிங், ஒய்.பி. ஒபராய் இருவரும் 1962இல் இச்செடியின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதியபோது, தலைப்பில் இருந்தது பயோட்டா ஓரியன்டாலிஸ்தான். கருவியல் நோக்கில் அது முக்கியமான ஆய்வு. ஃபிராங்கோவுக்குப் பிறகு 13 ஆண்டுகள் கடந்தும் ஆய்வாளர்களிடமே பழைய பெயர் வழங்கியது என்றால், நர்சரிப் பலகையை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

குட்டை உருவம் சான்றாகுமா?

வாசலில் நிற்பதைப் புதர் என்கிறோம். சீனாவில் இதே இனம் 15 முதல் 20 மீட்டர் வரை உயரும் மரம். கோயில்களிலும் கல்லறைகளிலும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கும் மரங்கள் அங்கே உண்டு. பெய்ஜிங்கின் நகர மரங்களுள் ஒன்றும் இதுவே. நம்மிடம் வந்திருப்பவை பெரும்பாலும் தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்து, தண்டுத் துண்டுகளால் பெருக்கிய குட்டை வகைகள். பொன்னிற நுனிகள் கொண்ட ‘ஆரியா நானா’ அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு தாய்ச்செடியின் பிரதிகளாகவே அவை ஆயிரக்கணக்கில் பரவுகின்றன. ஆகவே குட்டையாக இருப்பது இனத்தின் பண்பு அல்ல. மனிதத் தேர்வின் விளைவு.

இயற்கையிலும் உயரம் நம்பத்தகுந்த அடையாளம் அல்ல. உலகில் மிகப் பரந்த பரப்பில் வளரும் கூம்புத் தாவரமான ஜூனிபெரஸ் கம்யூனிஸ், தாழ்ந்த நிலங்களில் நிமிர்ந்து வளர்கிறது. இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் பனியும் காற்றும் அழுத்த, பாய் விரித்ததுபோல் தரையோடு கிடக்கிறது. அந்தத் தரைபடர் வடிவம் தனி இனமா, துணை இனமா, வெறும் வகையா என்பதில் நூல்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

இலையும் ஏமாற்றும். இக்குடும்பத்து நாற்றுகளில் முதலில் தோன்றுவது ஊசி இலை. செதிலிலை பின்னரே வரும். சில செடிகள் இளம்பருவ இலையோடே வளர்ந்து முதிர்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சீபோல்டும் சுக்காரினியும் ஜப்பானியக் கூம்புச் செடிகளுக்காக ரெட்டினிஸ்போரா என்ற பேரினத்தை அமைத்தனர். தோட்டக்காரர்கள் ஊசி இலை கொண்ட எல்லாக் குட்டைச் சைப்ரஸ்களையும் துஜாக்களையும் அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜெர்மனியின் பைஸ்னர் போன்றோர், அவற்றுள் பல வெவ்வேறு இனங்களின் நிலைத்துப்போன இளம்பருவ வடிவங்களே என்று காட்டிய பின், அந்தப் பேரினமே கலைந்தது. ஒரு வளர்பருவம் பேரினத் தகுதியோடு பல ஆண்டுகள் நூல்களில் உலவியிருக்கிறது! வகைப்பாட்டின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

கூம்பும் விதையும்

எனில் எதைப் பார்ப்பது? கிளையில் தொடங்கலாம். பிளாட்டிகிளாடஸில் தட்டையான கிளைத்தொகுதிகள் தரைக்குச் செங்குத்தாக, கும்பிட்ட கைபோல நிமிர்ந்து நிற்கும். இரு பக்கமும் ஒரே நிறம். துஜா ஆக்சிடென்டாலிஸில் அவை கிடைமட்டமாக விரியும்; மேற்புறம் கரும்பச்சை, கீழ்ப்புறம் வெளிறிய பச்சை. அதன் இலையைக் கசக்கினால் கடுமையான மணம் எழும். நம் வாசல் செடியில் மணம் மெல்லியது.

உறுதியான சாட்சி கூம்புதான். துஜாவின் கூம்பு சிறியது, ஒரு சென்டிமீட்டர் அளவுதான். செதில்கள் தோல்போல மெல்லியவை, ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. விதையின் இரு பக்கமும் சிறகு உண்டு. காற்றில் பரவ ஏற்பட்ட அமைப்பு அது. பிளாட்டிகிளாடஸின் கூம்பு இரண்டு சென்டிமீட்டர் வரை வரும். இளமையில் சதைப்பற்றோடு, வெண்பூச்சுப் படிந்த நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு செதிலின் நுனியிலும் வளைந்த கொக்கி ஒன்று துருத்தி நிற்கும். முதிர்ந்தபின் மரத்தன்மை அடைந்து, செம்பழுப்பாகி வெடிக்கும். உள்ளே இருக்கும் விதைகள் கோதுமை மணியளவில், சிறகின்றி, கனமாக இருக்கும். காற்றை நம்பும் விதையும் தன் எடையால் விழும் விதையும் இரு வேறு வாழ்க்கை முறைகள். இதை இலையின் தட்டைத்தன்மை போன்ற மேலோட்டமான ஒற்றுமையோடு சமமாக வைக்க முடியாது.

நர்சரிகளில் இதனோடு கலந்துவிடும் ஜூனிபரையும் இதே வழியில் பிரிக்கலாம். அதன் கூம்புச் செதில்கள் ஒன்றாக இணைந்து பழம்போல் உருண்டு, முதிர்ந்தாலும் பிளவாமல் இருக்கும். ஜூனிபெரஸ் சைனென்சிஸில் ஊசி இலையும் செதிலிலையும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படும்.

இந்த அணுகுமுறை திருவிடைமருதூருக்கு அந்நியமானதல்ல. அவ்வூரின் தலமரமே இதற்கு எடுத்துக்காட்டு. மருது என்ற பெயரில் நாம் அழைக்கும் மரங்கள் பல: நீர்மருது, கருமருது, பூமருது. பட்டையும் உருவமும் வாழிடமும் அவற்றைச் சேர்த்திருக்கலாம். கனியைப் பார்த்தால் பூமருது விலகிவிடும். அதன் கனி வெடித்து விதைகளைச் சிந்துவது. அது மருதோன்றிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீர்மருதின் கனியோ வெடிக்காதது, ஐந்து சிறகு கொண்டது. அந்த ஐந்து சிறகை வைத்தே தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதற்குப் பென்டாப்டெரா என்ற பேரினத்தைத் தேர்ந்தார். நாகப்பட்டினத்தில் படைமுகாம் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் 1834இல் அதைக் கடுக்காய், தான்றிக்காய் மரங்களோடு சேர்த்து டெர்மினாலியாவுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நம் தாவரவியல் மாணவர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். துஜா விஷயத்தில் மட்டும் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

மரபணுவின் சாட்சி

கூம்பின் அமைப்பு சொன்னதை மரபணு உறுதி செய்தது. ககெடெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பாட்டனி’ இதழில், உருவப் பண்புகளையும் பசுங்கணிக மரபணுக்களையும் சேர்த்து ஆராய்ந்து, சைப்ரஸ் குடும்பமான குப்ரஸேசியின் உட்பிரிவுகளை மறுவரைவு செய்தனர். எக்கன்வால்டர் 1976இல் முன்மொழிந்தபடி டாக்சோடியேசி என்ற தனிக் குடும்பம் இதில் கரைந்தது. துஜாவின் நெருங்கிய உறவு ஜப்பானின் துஜாப்சிஸ் என்று தெரிந்தது. பிளாட்டிகிளாடஸ் சேர்ந்தது வேறு இரண்டோடு: வடமேற்கு ஆப்பிரிக்காவையும் மால்ட்டாவையும் சேர்ந்த டெட்ராகிளினிஸ், ரஷ்யத் தூரகிழக்கின் சிகோட்டே அலின் மலைகளில் வளரும் மைக்ரோபயோட்டா.

மைக்ரோபயோட்டா நம் கவனத்துக்கு உரியது. தரையோடு படரும் என்றும் பசுமையான புதர். உயரம் முழங்காலளவுக்குச் சற்றுக் கூடக்குறைய, பரப்பு பல மீட்டர். குளிர்காலத்தில் செம்பழுப்பாக நிறம் மாறும். அதன் கூம்பு, கூம்புத் தாவரங்களிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. பெரும்பாலும் ஒற்றை விதைதான் இருக்கும், அதற்கும் சிறகு இல்லை. 1923இல் அதை விவரித்த கோமரோவ், பயோட்டாவின் நெருங்கிய உறவு என்று கண்டே அப்பெயரைச் சூட்டினார். மரபணு ஆய்வுக்கு 70 ஆண்டுகளுக்கும் முன்பே, உருவப் பண்புகளை மட்டும் பார்த்து அவர் எட்டிய முடிவு இன்றும் நிற்கிறது. படுகையின் வெயிலில் நிற்கும் செடிக்கு மிக நெருங்கிய உறவு ரஷ்யத் தூரகிழக்கின் குளிரில் தவழும் இந்தப் புதர் என்பது, ஒரு செடி இன்று நட்டு நிற்கும் இடம் அதன் உறவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு வலுவான எடுத்துக்காட்டு.

கிழக்கு, மேற்கு என்ற லின்னேயஸின் பிரிவும் இத்தோடு தளர்கிறது. உண்மையான துஜாவில் இன்று ஐந்து இனங்கள். இரண்டு வட அமெரிக்காவில்; மூன்று கிழக்காசியாவில். சீனாவின் துஜா சுட்சுவெனென்சிஸ் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1999இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஆக, கிழக்கிலும் துஜா உண்டு. நம்முடையது அவற்றுள் ஒன்றல்ல, அவ்வளவே.

பழைய பெயருக்கான வாதமும் மருந்தும்

துஜா என்பது இப்போது தமிழ்ச் சொல்போல ஆகிவிட்டது, அதை மாற்றுவானேன் என்று கேட்கலாம். வழக்குப் பெயராக அது இருப்பதில் தடையில்லை. பிளாட்டிகிளாடஸ் என்று நர்சரியில் கேட்கச் சொல்வது நடைமுறைக்கும் ஒவ்வாது. சிக்கல் எழுவது, வழக்குப் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்டு பண்புகளையும் பயன்களையும் இடம் மாற்றும்போது. ஹோமியோபதியில் மருவுக்குத் தரப்படும் துஜா நம் ஊர்களில் பலரும் அறிந்தது. அம்முறையை நிறுவிய ஹானிமன் காலத்திலிருந்து அது தயாரிக்கப்படுவது துஜா ஆக்சிடென்டாலிஸிலிருந்து. அதன் எண்ணெயில் முதன்மையாக இருப்பது துஜோன். அளவு மிகுந்தால் வலிப்பை உண்டாக்கும் நச்சு. பிளாட்டிகிளாடஸ் எண்ணெயில் முன்னிற்பவை ஆல்ஃபா பைனீன், கேரீன், செட்ரால் போன்றவை. சீன மருத்துவம் இதன் இலையை இரத்தப்போக்கை நிறுத்தவும் விதையை உறக்கத்துக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறது. அது வேறு மரபு, வேறு பயன்பாடு. மருத்துவத் தாளில் துஜா என்று படித்துவிட்டு வாசல் செடியின் இலையைப் பறித்து அரைப்பவர், எந்த மருத்துவ முறையின் கணக்கிலும் வராத ஒன்றைச் செய்கிறார். பெயரின் பிழை உடம்பில் போய் முடியும் இடம் இது. ஆகவே பழக்கத்தின் பெயரால் முன்வைக்கப்படும் வாதத்தைப் பேச்சு வழக்குக்கு மட்டும் ஏற்கலாம். பள்ளித் தோட்டப் பலகைக்கும், கல்லூரிச் செய்முறைக் குறிப்பேட்டுக்கும், மருந்து பற்றிய எழுத்துக்கும் அது பொருந்தாது.

செய்யக்கூடியது கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சைக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள், நட்டு வளர்க்கப்படும் கூம்புச் செடிகளைக் கூம்பு விட்ட பருவத்தில் மாதிரி எடுத்து ஹெர்பேரியத் தாளில் ஒட்டலாம். இலைக் கிளை மட்டும் போதாது. இளங்கூம்பு, வெடித்த கூம்பு, விதை மூன்றும் வேண்டும். செடி விதையால் வந்ததா, தண்டுத் துண்டால் வந்ததா, நர்சரி சொன்ன பெயர் என்ன என்பவற்றையும் எழுத வேண்டும். பெயர் எழுதும் இடத்தில் பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ் என்று எழுதி, லின்னேயஸின் சுருக்கத்தை அடைப்புக்குறிக்குள் இட்டு, அதன் பின் ஃபிராங்கோவைச் சேர்ப்பது முறை. முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குள்ளும், சரியான பேரினத்துக்கு மாற்றியவரை வெளியிலும் வைப்பது தாவரவியல் விதி. துஜா ஓரியன்டாலிஸ் என்ற 1753ஆம் ஆண்டுப் பெயரை இணைப்பெயராக அடுத்த வரியில் குறிக்கலாம்.